சட்டியும் அகப்பையும்: பரமட்டா கிளப் பயிற்சியாளர் தேடிய கதை

1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் மேற்கே, பரமட்டா என்ற இடத்தில் கம்பர்லாந்து ஓவல் என்ற மைதானம் தீப்பற்றி எரிந்தது. கொளுத்தியவர்கள் எதிரணி ரசிகர்கள் இல்லை. அந்த மைதானத்தைச் சொந்த வீடாக நினைத்திருந்த உள்ளூர் ரசிகர்கள்தான். அதுவும் தோற்ற கோபத்தில் இல்லை, ஜெயித்த சந்தோஷத்தில்!

அன்று மதியம்தான் பரமட்டா அணி தன் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது. 1947-இல் சிட்னி ரக்பி லீக் போட்டிக்குள் நுழைந்த கிளப் அது. 35-ஆவது பருவத்தில்தான் முதல் கோப்பை. முப்பத்து நான்கு வருடம் அடக்கி வைத்த ஆசை ஒரே ராத்திரியில் வெடித்தால் என்ன ஆகும்? மர கேலரி மிஞ்சாது. அந்த மைதானத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள்!

இந்த வெற்றிக்குக் காரணம் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஜாக் கிப்சன். அந்த வருடம்தான் அவர் பயிற்சியாளராக வந்தார். வந்த முதல் வருடமே கோப்பை. 1982-லும் 1983-லும் மறுபடி கோப்பை. அதனால் 'சரியான கோச் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை பரமட்டாவில் ஆழமாக வேர்விட்டது. அடுத்த நாற்பது வருடமாக அந்தக் கிளப் அடுத்த கிப்சனைத் தேடிக்கொண்டே இருந்தது.

அந்த நம்பிக்கை சரியா? பரமட்டாவின் வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் புரட்டினால் வேறு ஒரு கதை தெரிகிறது.

ரக்பி லீக்: தெரியாதவர்களுக்கு மட்டும்

ரக்பியில் இரண்டு வகை உண்டு. யூனியன் என்பது அணிக்கு 15 பேர். லீக் என்பது அணிக்கு 13 பேர். சிட்னியில் சாதாரண உழைக்கும் மக்களின் ஆட்டம் என்றால் அது லீக்தான்.

நம் ஊர் சடுகுடு தெரிந்தவர்களுக்கு லீக்கைப் புரிந்துகொள்வது சுலபம். பந்தோடு ஓடி வருபவரை எதிரணியினர் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். அதற்கு டாக்கிள் என்று பெயர். ஒரு அணி ஆறு முறை பிடிபடும் வரை பந்தை வைத்திருக்கலாம். அதற்குள் எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை வைத்துவிட்டால் ட்ரை. முடியாவிட்டால் பந்து கைமாறும். எவ்வளவு ஓடினோம் என்பதைப் போலவே எத்தனை பிடி பிடித்தோம், எத்தனை பிடியை நழுவ விட்டோம் என்பதும் ஆட்டத்தை முடிவு செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிப்சன் கதைக்குத் தேவைப்படும்.

இன்னொரு சொல்லும் முக்கியம். பட்டியலில் கடைசியாக வரும் அணிக்கு 'மரக் கரண்டி' கிடைத்தது என்பார்கள். நிஜக் கரண்டி எதுவும் கொடுப்பதில்லை, கேலிப் பட்டம்தான். நம் ஊர்ப் பேச்சில் அதை அகப்பை என்றே வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் இந்தக் கதை முழுக்க நமக்குத் தெரிந்த ஒரு பழமொழியைச் சுற்றித்தான் நடக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஆறு வருடம், ஆறு அகப்பை

1956 முதல் 1961 வரை தொடர்ந்து ஆறு வருடம் பரமட்டா கடைசி இடம் பிடித்தது. அதே ஆறு வருடமும் கோப்பையை வாங்கிய அணி செயிண்ட் ஜார்ஜ். (அவர்கள் அதோடு நிற்கவில்லை, 1966 வரை தொடர்ந்து 11 கோப்பை!) ஒரே நகரம், ஒரே போட்டி. ஒருவர் உச்சியில், இன்னொருவர் அடியில்.

பரமட்டா என்ன செய்தது? ஜெயிக்கிறவர்களிடமிருந்தே ஒருவரை அழைத்து வந்தது. செயிண்ட் ஜார்ஜ் அணியின் தலைவராக அந்த வெற்றி வரிசையைத் தொடங்கி வைத்த கென் கியர்னி, 1962-இல் பரமட்டாவின் பயிற்சியாளரானார். அந்த வருடமே பரமட்டா வரலாற்றில் முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

பார்க்கிறவர்களுக்கு இது கோச் செய்த மாயம் போலத் தெரியும். ஆனால் அதே 1962-இல்தான் கென் தார்னெட் என்ற அபாரமான ஃபுல்பேக் இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்பில் ஆடிவிட்டு வந்து பரமட்டாவில் சேர்ந்தார். கடைசிக் காவலாக நின்று ஆடும் அந்த இடத்தில் அவர் வந்ததும் அணியின் முகமே மாறியது. சட்டியிலும் ஏதோ விழுந்தது, அகப்பையும் மாறியது. இரண்டும் சேர்ந்து நடந்தன. ஆனால் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்வது எப்போதும் அகப்பையைத்தான்.

கைக்கு வந்து நழுவிய கோப்பைகள்

1976-இல் டெர்ரி ஃபியர்ன்லி பயிற்சியாளராக வந்தார். அந்த வருடமே பரமட்டா முதல் முறையாக மாபெரும் இறுதிப் போட்டியை எட்டியது. மேன்லியிடம் 13-10 என்று தோற்றது. கோட்டருகே ஒரு விங்கரின் கையிலிருந்து பந்து நழுவியதை அந்த ஊர் பல வருடம் பேசிக்கொண்டிருந்தது.

1977-இல் மறுபடி இறுதிப் போட்டி. செயிண்ட் ஜார்ஜுடன் 9-9 என்று சமநிலை. கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆட வேண்டியதாயிற்று. அதில் 22-0 என்று படுதோல்வி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃபியர்ன்லி காலத்தில் கிளப் கோப்பை வெல்லவில்லை. ஆனால் சட்டி நிறையத் தொடங்கியது. ரக்பி யூனியனிலிருந்து ரே பிரைஸ் 1976-இல் வந்தார். மிக் குரோனின் 1977-இல் வந்தார். பீட்டர் ஸ்டெர்லிங் என்ற பதினெட்டு வயதுப் பையன் 1978-இல் முதல் நிலை அணியில் தலைகாட்டினான். ஸ்டீவ் எல்லாவும் எரிக் க்ரோத்தும் 1979-இல், பிரட் கென்னி 1980-இல். செயிண்ட் ஜார்ஜுக்குத் தலைவராக இருந்து கோப்பை வென்ற ஸ்டீவ் எட்ஜ் 1980-இல் வந்து சேர்ந்தார்.

இந்தப் பெயர்களைத்தான் பிற்காலத்தில் 'கிப்சனின் அணி' என்று சொன்னார்கள். இவர்களில் ஒருவரைக்கூட கிப்சன் கொண்டுவரவில்லை. எல்லோரும் அவருக்கு முன்பே அங்கே இருந்தவர்கள்!

அப்படியானால் 1980-இலேயே கோப்பை வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. அந்த வருடம் ஜான் பியர்ட் பயிற்சியாளர். அணி இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. சட்டி நிறைந்திருந்தும் அள்ளத் தெரியவில்லை.

ரோமக் கோட்டுக்காரர்

ஜாக் கிப்சன் அதிகம் பேசாத மனிதர். மைதான ஓரத்தில் பெரிய ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். எதற்கும் உணர்ச்சிவசப்பட மாட்டார்.

1966-இல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியை 1967-இல் ஏற்று, அந்த வருடமே இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். பிறகு அதே அணிக்குத் திரும்பி வந்து 1974, 1975 என்று இரண்டு கோப்பை வென்றவர். 1975 இறுதிப் போட்டியில் அவர் அணி எடுத்த ஸ்கோர் 38-0.

அவர் செய்த புதுமை என்ன? மற்றவர்கள் 'இன்னும் வேகமாக ஓடு, இன்னும் ஆவேசமாக ஆடு' என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் அவர் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆட்டக்காரரும் எத்தனை டாக்கிள் செய்தார், எத்தனையைத் தவற விட்டார் என்று கணக்கு வைத்தார். ஆட்டத்தைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டினார். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்களிடம் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அங்கிருந்து திரும்பி வந்து சிட்னி ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால் யார் உழைக்கிறார்கள், யார் உழைப்பது போல நடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதுவரை சத்தம் போடுகிறவன்தான் நல்ல ஆட்டக்காரன். கணக்கு வந்த பிறகு சத்தமில்லாமல் முப்பது பிடி பிடிப்பவன் வெளிச்சத்துக்கு வந்தான்.

பரமட்டாவில் 1981-இல் அவர் செய்தது அதைத்தான். நட்சத்திரங்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். இளைஞர்களை அவர்கள் போக்கில் ஆட விட்டார். பலன் இதோ:

1981: பரமட்டா 20, நியூடவுன் 11.
1982: பரமட்டா 21, மேன்லி 8.
1983: பரமட்டா 18, மேன்லி 6.

மூன்று இறுதிப் போட்டியிலும் பிரட் கென்னி தலா இரண்டு ட்ரை போட்டார். மூன்று வருடம், மூன்று கோப்பை.

யாரும் பேசாத பக்கம்

கிப்சனின் வாழ்க்கையில் இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றை ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பரமட்டாவுக்கு வருவதற்கு முன், 1978-இலும் 1979-இலும் அவர் சவுத் சிட்னி கிளப்பில் இருந்தார். இரண்டு வருடமும் இறுதிச் சுற்று இல்லை. பரமட்டாவை விட்டுப் போன பின், 1985 முதல் 1987 வரை குரோனுல்லாவில் இருந்தார். மூன்று வருடமும் இறுதிச் சுற்று இல்லை.

அதே மனிதர். அதே கோட்டு. அதே டாக்கிள் கணக்கு. நடுவில் மூன்று வருடம் மட்டும் மூன்று கோப்பை!

இதை வைத்து கிப்சன் சாதாரணமானவர் என்று சொல்லிவிட முடியாது. 1980-இல் அதே ஆட்டக்காரர்கள் அவர் இல்லாமல் தடுமாறினார்கள் அல்லவா? ஆக இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நல்ல அகப்பை இல்லாவிட்டால் நிறைந்த சட்டியும் வீண். காலிச் சட்டியில் தங்க அகப்பையைப் போட்டுக் கிண்டினாலும் சத்தம்தான் வரும்.

பரமட்டா நிர்வாகம் 1981-இல் செய்த தேர்வு ஏன் சரியானது? நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தால் இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் அவர்கள் வாங்கினார்கள். ஆனால் அந்த வெற்றியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடமோ 'பெரிய கோச் வந்தால் கோப்பை வரும்' என்பது. விடை சரி, போட்ட கணக்கு தப்பு!

அமைதியாக வந்த மோனி

கிப்சன் விலகியதும் கிளப் இன்னொரு பெரிய பெயரைத் தேடி ஓடவில்லை. கிப்சனிடம் வேலை பார்த்த ஜான் மோனியையே 1984-இல் நியமித்தது. வெளியில் அவ்வளவாகப் பெயர் தெரியாதவர். ஆனால் ஆட்டக்காரர்களைத் தெரியும், முறையும் தெரியும்.

1984-இல் இறுதிப் போட்டியில் கேன்டர்பரியிடம் 6-4 என்று தோல்வி. 1986-இல் அதே கேன்டர்பரியை 4-2 என்று வென்றார்கள். இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லாத இறுதிப் போட்டி! ரே பிரைஸுக்கும் மிக் குரோனினுக்கும் அதுதான் கடைசி ஆட்டம். கோப்பையோடு விடைபெற்றார்கள். எரிந்துபோன மைதானத்தின் இடத்தில் புதிதாகக் கட்டிய ஸ்டேடியமும் அதே 1986-இல்தான் திறக்கப்பட்டது. எல்லாம் கூடி வந்த வருடம்.

அன்றைக்குப் பரமட்டா ரசிகர்களிடம் 'இனி 2025 பருவம் முடியும் வரை இன்னொரு கோப்பை வராது' என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதுதான் நடந்தது.

1987 முதல் சட்டி காலியாகத் தொடங்கியது. பெரியவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு அதே தரத்தில் அடுத்த தலைமுறை தயாராகவில்லை. மோனி மூன்று வருடம் போராடினார், இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. 1989-இல் இங்கிலாந்தின் விகன் கிளப்புக்குப் போனார். அங்கே என்ன ஆயிற்று தெரியுமா? நான்கு பருவத்தில் தொடர்ந்து நான்கு லீக் பட்டம், நான்கு சேலஞ்ச் கோப்பை!

பரமட்டாவில் தோற்ற மோனியும் விகனில் ஜெயித்த மோனியும் ஒரே ஆள்தான். மாறியது சட்டி.

தேடல் என்ற நோய்

அதற்குப் பிறகு நடந்த நியமனங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு கிளப்பின் மனநிலையே தெரியும்.

1990-இல் பழைய நாயகன் மிக் குரோனின் பயிற்சியாளரானார். ஊருக்கே அவர் மேல் உயிர். ஆனால் 1993 வரை ஒரு இறுதிச் சுற்றுகூட இல்லை. அடுத்து, அதே அணியின் பழைய ஆட்டக்காரர் ரான் ஹில்டிச். அவர் காலத்தில், 1996-இல் கேன்டர்பரியிலிருந்து நான்கு முன்னணி ஆட்டக்காரர்களை மொத்தமாக அள்ளி வந்தார்கள். அப்போதும் இறுதிச் சுற்று வரவில்லை. பணம் கொடுத்துச் சட்டியை ஒரே நாளில் நிரப்பிவிடலாம் என்ற ஆசையும் பலிக்கவில்லை.

1997-இல் வந்த பிரையன் ஸ்மித்துக்கு மட்டும் நேரம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருடம். வந்த வருடமே பத்தாண்டு வறட்சி முடிந்து அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. இளைஞர்கள் வளர்ந்தார்கள். 1998-இல் அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் கேன்டர்பரியை எதிர்த்து 18-2 என்று முன்னணியில் இருந்து தோற்றார்கள். 2001-இல் பட்டியலில் முதலிடம். இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது நியூகாசில் 24, பரமட்டா 0! இரண்டாம் பாதியில் விரட்டிப் பிடிக்கப் பார்த்தும் 30-24 என்று தோல்வி. 2005-இல் மறுபடி பட்டியலில் முதலிடம். இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் வட குயின்ஸ்லாந்திடம் 29-0. 2006 பருவத்தின் நடுவில் ஸ்மித் விலகினார்.

அதன் பிறகுதான் வேடிக்கை. 2007-க்கு யாரைக் கூப்பிட்டார்கள்? மைக்கேல் ஹேகன். யார் இவர்? 2001 இறுதிப் போட்டியில் பரமட்டாவைத் தோற்கடித்த நியூகாசிலின் பயிற்சியாளர்! இரண்டு வருடத்தில் அவரும் விலகினார்.

2009-இல் டேனியல் ஆண்டர்சன் வந்தார். எட்டாவது இடத்தில் தொற்றிக்கொண்டு இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த அணி, ஜாரிட் ஹெய்னின் அபார ஆட்டத்தால் மாபெரும் இறுதிப் போட்டி வரை போனது. மெல்பர்னிடம் 23-16 என்று தோல்வி. (சம்பள உச்சவரம்பை மீறியதற்காக மெல்பர்னின் அந்தப் பட்டம் 2010-இல் பறிக்கப்பட்டது. ஆனால் பரமட்டாவுக்குத் தரவில்லை.) மறு வருடம் அணி சறுக்கியது. 2010 முடிந்ததும் ஆண்டர்சனை அனுப்பிவிட்டார்கள். இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவருக்கு அதற்குப் பிறகு கிடைத்தது ஒரே ஒரு பருவம்.

அடுத்து யார்? ஸ்டீபன் கியர்னி. (1962-இல் வந்த கியர்னி வேறு, இவர் நியூசிலாந்துக்காரர்.) இவர் எங்கிருந்து வந்தார்? 2009-இல் பரமட்டாவைத் தோற்கடித்த மெல்பர்னின் உதவிப் பயிற்சியாளர்! கூடவே நியூசிலாந்து அணிக்கு 2008 உலகக் கோப்பை வாங்கித் தந்தவர்.

நம்மை யார் ஜெயித்தாரோ அவருடைய சமையல்காரரைக் கூட்டி வா. சமையல்காரர் வந்தார். ஆனால் அவர் பழகிய சமையலறையும் மளிகைக் கடையும் கூடவே வரவில்லை. 2012 நடுவில் கியர்னி போனார். அணிக்கு அகப்பை.

அந்த வருடம்தான் நேதன் ஹிண்ட்மார்ஷ் ஓய்வு பெற்றார். ஒரே கிளப்புக்காக 330 ஆட்டம். 2001, 2009 இரண்டு இறுதிப் போட்டியும் ஆடித் தோற்றவர். கோப்பையைத் தொடாமலே போனார். பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள், வேறு ஊரில் ஜெயிப்பார்கள். ஆட்டக்காரனுக்கு இருப்பது ஒரே ஒரு இளமை. நிர்வாகம் தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தால், சரியான ஆளுக்கு நேரம் கொடுக்காவிட்டால், அதற்கு விலை கொடுப்பது இவரைப் போன்றவர்கள்தான்.

2013-இல் ரிக்கி ஸ்டூவர்ட். 2002-இல் ரூஸ்டர்ஸ் அணிக்கு முதல் வருடமே கோப்பை வாங்கித் தந்த பெரிய பெயர். பருவத்தின் நடுவிலேயே 12 ஆட்டக்காரர்களுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று தெரிவிக்கப்பட்டது. மறுபடி அகப்பை. ஒரே வருடத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஸ்டூவர்ட் கேன்பெராவுக்குப் போய்விட்டார்.

அகப்பை கிடைத்தும் அனுப்பவில்லை!

2014-இல் பிராட் ஆர்தர் வந்தார். பெரிய பெயர் இல்லை. 2012-இல் கியர்னி போன பின் சில ஆட்டங்களுக்கு இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர். கிட்டத்தட்ட மோனி மாதிரித் தேர்வு.

இவர் காலத்தில் வந்த பெரிய இடி மைதானத்துக்கு வெளியே விழுந்தது. ரக்பி லீக்கில் ஒரு கிளப் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பரமட்டா அதைப் பல வருடமாக மீறியது 2016-இல் வெளிவந்தது. 10 லட்சம் டாலர் அபராதம், 12 புள்ளிகள் பறிப்பு, ஐந்து நிர்வாகிகளின் பதிவு ரத்து. மாநில அரசே கிளப்புக்கு ஒரு நிர்வாகியை நியமிக்க வேண்டி வந்தது.

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் பயிற்சியாளரை மாற்றி மாற்றிப் பார்த்தார்களே, ஓட்டை எங்கே இருந்தது? பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் அறையில்!

புது நிர்வாகம் வந்த பின் 2018-இல் அணி மறுபடி கடைசி இடம். பழைய பரமட்டாவாக இருந்தால் மறுநாளே ஆர்தரின் பெட்டி வாசலில் இருந்திருக்கும். இந்த முறை அனுப்பவில்லை. 2019-இல் புது ஸ்டேடியம் திறந்தது. அந்த வருட இறுதிச் சுற்றில் அங்கே பிரிஸ்பேனை 58-0 என்று நொறுக்கினார்கள். தொடர்ந்து நான்கு வருடம் இறுதிச் சுற்று. 2022-இல் மாபெரும் இறுதிப் போட்டி. பென்ரித்திடம் 28-12 என்று தோல்வி.

அந்தப் பென்ரித்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். பரமட்டாவுக்கு மேற்கே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள். பயிற்சியாளர் ஐவன் கிளியரியை 2015-இல் அனுப்பிவிட்டு, 2019-இல் அதே மனிதரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பை! இடைப்பட்ட காலத்தில் அவர்களின் சொந்த ஊர்ப் பையன்கள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தார்கள். அனுப்பப்பட்டபோது அவர் திறமையில்லாதவரா, திரும்பி வந்தபோது மேதையா? கிப்சன் கேள்விதான் இதுவும்.

2023-இல் பரமட்டா சறுக்கியது. 2024 மே மாதம் ஆர்தரை நீக்கினார்கள். அதே வருடம் அவர் மோனியைப் போல இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸில் சேர்ந்தார். 2025 பருவத்துக்கு ஜேசன் ரைல்ஸ் பயிற்சியாளரானார். அவர் எங்கிருந்து வந்தார்? மெல்பர்னின் உதவிப் பயிற்சியாளர் பதவியிலிருந்து!

என்ன பாடம்?

தடுமாறும் ஒரு கிளப் புதுப் பயிற்சியாளரைத் தேடும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி 'யார்?' என்பது. பரமட்டாவின் வரலாறு சொல்வது, அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன என்று.

முதலாவது, சட்டியில் என்ன இருக்கிறது? 1981-இல் எல்லாம் இருந்தது, முறை மட்டும் இல்லை. 2013-இல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆள் சரிப்பட மாட்டார். நிறைந்த சட்டிக்கு கிப்சன் வேண்டும். காலிச் சட்டிக்கு, பத்து வருடம் பொறுமையாக விதைக்கிற ஆள் வேண்டும்.

இரண்டாவது, எத்தனை வருடம் பொறுப்போம்? ஒப்பந்தத்தில் மூன்று வருடம் என்று எழுதிவிட்டு மனதுக்குள் பதினெட்டு மாதம் என்று நினைத்தால், வருகிற பயிற்சியாளரும் பதினெட்டு மாதத்துக்கான வேலையைத்தான் செய்வார். இளைஞனை வளர்க்க மாட்டார், வயதானவரை விலைக்கு வாங்குவார்.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கிற நம்மிடம் என்ன கோளாறு? இதை எந்த நிர்வாகமும் தானாகக் கேட்டுக்கொள்வதில்லை. ஒரு கம்பெனியின் ஐந்தொகையில் ஓட்டை இருந்தால் மேலாளரை மாற்றினால் மட்டும் அடையாது. தோல்விக்குப் பயிற்சியாளரை அனுப்புவது சுலபம். ஒரு ஆள், ஒரு பத்திரிகைக் கூட்டம், ரசிகர்களுக்குக் கொஞ்ச நாள் நம்பிக்கை. தன் நாற்காலியைத் தானே காலி செய்வது கஷ்டம்.

சிட்னியின் தமிழர்களில் பலர் வாழ்வது பரமட்டாவைச் சுற்றித்தான். சிட்னி முருகன் கோயிலும் அதன் அருகேதான் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குப் போகிற வழியில் நீலமும் மஞ்சளும் கலந்த சட்டை போட்ட ஒருவரைப் பார்த்தால், அவர் பரமட்டா ரசிகர் என்று தெரிந்துகொள்ளலாம். 1981-இல் மைதானம் எரிந்த இரவில் இருபது வயதுப் பையனாக இருந்தவருக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். 1986-க்குப் பிறகு பிறந்து, பெரியவனாகி, தன் பிள்ளையையும் அதே சட்டையோடு மைதானத்துக்குக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரு கோப்பையையும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறை புதுப் பயிற்சியாளர் வரும்போதும் 'இவர்தான் அடுத்த கிப்சன்' என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. கிப்சன் வந்து சேர்வதற்கு முன்பே சட்டியை யார் நிரப்பினார்கள் என்பதையும் ஒரு முறை யாராவது அவர்களுக்குச் சொல்லலாம்.